டாங்கியா, தாங்கியா?

சற்று நீண்ட பதிவு; பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன். ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுதிக்கொண்டிருக்க வேண்டிய வாரத்தில் இதை எழுத ஒரே காரணம், ஒரு மாணவர் கேட்ட கேள்விக்கு அன்று என்னால் விடை சொல்ல இயலாமற் போனதுதான்.

மாதம் இருமுறை, ஞாயிறு பிற்பகலில், மாட்டுங்காவில் ஒரு நண்பர் வீட்டில் நாங்கள் ஐவர் கூடுகிறோம். இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு, அட்டையாலான கட்டடங்களை அடுக்கி, அறிவியல் புனைவுப் போர்விளையாட்டு ஆடுவது வழக்கம். இதனை அறியாதோருக்காகச் சில சொற்கள்: இதில் சதுரங்கத்தைப் போலக் கட்டங்கள் இல்லை. அளவுநாடாவால் தொலைவை அளந்து சிறு பொம்மைகளை நகர்த்த வேண்டும். சுட்டது பட்டதா என்பதைப் பகடை சொல்லும். பிறர் வகுத்த விதிகளையும் ஊர்திகளையும் வாங்கி ஆடலாம். தாமே வகுத்துக்கொண்டும் ஆடலாம். நாங்கள் இரண்டாம் வகையினர். எங்கள் கற்பனைக் கோளின் பெருநகரம் தாராவியின் சாயலில் அமைந்தது. அங்கு வளர்ந்த முதுகலை மாணவர் ஒருவர் எங்கள் குழுவில் இருப்பதால் அதன் சந்துகளில் பிழை நேர வாய்ப்பில்லை.

அந்நகரத்துக்கென நான் ஓர் இலகு டாங்கியை வடிவமைத்தேன். அதற்கு ‘நண்டு’ என்று பெயர். 105 மில்லிமீட்டர் பீரங்கி, உள்ளே ஆறு காலாட்கள், நீரில் நீந்தும் திறன், இவையனைத்தும் 20 டன் எடைக்குள். தாளில் எழுதும்போது எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா? ஆட்டத்தின் மூன்றாம் சுற்றில் எதிரணியின் குண்டு நண்டின் மேல் பட்டது. பகடை எனக்கு எதிராக விழுந்தது. பொம்மையை எடுத்துப் பெட்டிக்குள் போட்டேன். அப்போதுதான் அந்த மாணவர் கேட்டார்: “அண்ணா, உள்ளே ஆறு பேர் இருந்தாங்களே, அவங்க எங்கே?”

நான் எழுதிய விதித்தாளைப் புரட்டினேன். ‘அழிந்த ஊர்தியை மேசையிலிருந்து அகற்றுக’ என்ற ஒரே வரிதான் இருந்தது. அறுவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இப்பதிவில் நான் முன்வைக்க விரும்பும் கருத்து ஒன்றே. காலாட்களை ஏற்றிச் செல்லும் இலகு டாங்கியைக் கற்பனை செய்வோர் பெரும்பாலும் பீரங்கியிலிருந்து தொடங்குகிறோம். மிஞ்சிய இடத்தில் ஆட்களை அடைக்கிறோம். இருக்கையிலிருந்தும் கதவிலிருந்தும் தொடங்குவதே சரி. பொறியியல் நோக்கிலும் அதுவே சரி. கதை சொல்லும் அறத்தின் நோக்கிலும் அதுவே சரி.

*

மொழியியல் படித்தவன் என்பதால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். ‘டேங்க்’ என்ற ஆங்கிலச் சொல் நீர்த்தொட்டியைக் குறித்தது. அதன் பிறப்பிடம் குஜராத்தி, மராத்தி மொழிகளா, போர்த்துகீசியமா என்பதில் சொல்லாய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இரண்டும் கலந்திருக்கலாம் என்போரும் உளர். எவ்வாறாயினும் நம் மேற்குக் கரைக்கு அதில் பங்குண்டு. முதல் உலகப்போரின்போது பிரித்தானியர் தாம் செய்துவந்த புதுக் கவச ஊர்தியை மறைக்க, அது நீர் சுமக்கும் தொட்டி எனக் கதை கட்டினர். 1916 செப்டம்பர் 15 அன்று அது போர்க்களத்தில் இறங்கியபோது புனைபெயரே இயற்பெயராகிவிட்டது. இன்றும் தாராவியில் ‘டாங்கி நிரம்பிவிட்டதா’ என்று கேட்டால் எவரும் பீரங்கியை நினைப்பதில்லை. விடியலில் சில மணி நேரம் வரும் குழாய்நீரைத்தான் நினைப்பர்.

ஈழத் தமிழ் இச்சொல்லை வேறு வகையில் உள்வாங்கிக்கொண்டது. அங்கு நீர்த்தொட்டி ‘நீர்த்தாங்கி’. போர் ஊர்தியை ‘யுத்த தாங்கி’ என எழுதும் வழக்கும் உண்டு. ஒலியளவில் இது கடன்சொல் போலத் தோன்றினாலும், ‘தாங்கு’ என்ற நம் வினையடியின் பொருளும் அதில் வந்து அமர்ந்துகொண்டது. சுமைதாங்கி, இடிதாங்கி, விமானந்தாங்கிக் கப்பல் என்ற வரிசையில் அதுவும் ஒன்றாகிறது. தாங்கி என்றால் ஒன்றைத் தன்மேல் ஏற்றுப் பொறுப்பது. படைவீரரை ஏற்றும் கவச ஊர்திக்கு ஈழத்தில் வழங்கும் ‘துருப்புக்காவி’ என்ற சொல்லும் அவ்வாறே. காவுதல் என்றால் சுமத்தல். தமிழகத்து நாளேடுகளில் எழுதப்படும் ‘கவச வாகனம்’ என்ற தொடர் அது எதனால் மூடப்பட்டது என்று சொல்கிறது. ‘துருப்புக்காவி’ அது யாரைச் சுமக்கிறது என்று சொல்கிறது.

நான் விதித்தாளில் எழுதியிருந்த தொடர் ‘காலாட்படை ஊர்தி’. பள்ளி இலக்கணம் நினைவிலிருப்போர் இதனை உடனே இனங்காண்பர்: ‘தேர்ப்பாகன்’ போல உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ‘காலாட்படையை ஏற்றும் ஊர்தி’ என்று விரிக்க வேண்டும். ‘ஐ’ என்ற உருபும் ‘ஏற்றும்’ என்ற பயனும் தொடருள் மறைந்து நிற்கின்றன. என் விளையாட்டில் நிகழ்ந்ததும் இதுவே. ஏற்றுதல் என்ற செயல் தொக்கது. அத்துடன் ஏறியவர்களும் தொக்கனர். தொடரை விரிக்கும் வரை அவர்கள் எங்கள் கண்ணில் படவில்லை.

*

இந்தக் கற்பனை புதியதன்று. 1903 டிசம்பரில் எச். ஜி. வெல்ஸ் ‘நில இரும்புக் கப்பல்கள்’ என்று பெயர்க்கத்தக்க சிறுகதை ஒன்றை வெளியிட்டார். உண்மையான டாங்கி தோன்றுவதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பு எழுதப்பட்ட கதை. அதில் வரும் பேருர்திகளின் உள்ளே சிறு அறைகளில் துப்பாக்கி வீரர்கள் அமர்ந்து சுடுகிறார்கள். அறிவியல் புனைவின் முதல் டாங்கிகளுள் ஒன்றே உள்ளே ஆள் சுமந்த டாங்கிதான் என்பது கவனிக்கத் தக்கது. அதே வெல்ஸ் 1913இல் ‘சிறு போர்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில், பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடும் விளையாட்டுக்கு விதிநூலும் எழுதினார். நாங்கள் மாட்டுங்காவில் ஆடும் ஆட்டத்துக்கு அந்நூல் ஒரு மூதாதை. பொம்மைப் போரையே இத்துணைக் குழப்பத்துடன் நடத்துகிறோம் என்றால் உண்மைப் பெரும்போர் எத்துணை மூடத்தனமாக இருக்கும் என்னும் எச்சரிக்கையுடன் அவர் அந்நூலை முடித்தார். அடுத்த ஆண்டே அது வந்தது.

வெல்ஸின் கதையில் இல்லாத ஒன்று போர்க்களத்தில் வெளிப்பட்டது. 1918இல் பிரித்தானியர் தம் மார்க் 5 டாங்கியை ஆறடி நீட்டினர். அகன்ற பதுங்குகுழிகளைத் தாண்டுவது முதல் நோக்கம். கிடைத்த கூடுதல் இடத்தில் எந்திரத் துப்பாக்கிக் குழுவினரை ஏற்றிச் செல்வது அடுத்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 8 அன்று ஆமியென் போரில் அவ்வாறே ஏற்றிச் சென்றனர். எஞ்சின் அவர்கள் அமர்ந்திருந்த அதே அறைக்குள் இருந்தது. வெப்பத்தாலும் புகையாலும் பலர் வாந்தியெடுத்து மயங்கினர். இறக்கிவிடப்பட்டபோது போரிடும் நிலையில் இல்லை. இறங்கி நடந்தே வந்தவர்களும் உண்டு. ஆட்களையும் பொருள்களையும் ஏற்றுவதற்கென்றே மார்க் 9 என்ற தனி ஊர்தியைச் செய்தனர். அது களத்துக்கு வருமுன் போர் முடிந்துவிட்டது.

பாடம் எளிது: ஆளை ஏற்ற இடம் இருந்தால் மட்டும் போதாது. ஏறியவர் இறங்கும்போது எந்நிலையில் இருக்கிறார் என்பதே கணக்கு.

*

இனி ‘இலகு’ என்ற அடைமொழிக்கு வருவோம். இலகு டாங்கி என்பது வலிமை குன்றிய டாங்கி அன்று. கனரக டாங்கி போக இயலாத இடத்துக்குப் போவதற்காக எடை குறைத்தது. 1948 நவம்பர் 1 அன்று காஷ்மீரின் சோஜிலா கணவாயில், ஏறத்தாழ 11,500 அடி உயரத்தில், இந்தியப் படையின் ஏழாம் குதிரைப்படைப் பிரிவின் ஸ்டுவர்ட் இலகு டாங்கிகள் தோன்றியபோது, எதிரில் இருந்தோர் அவ்விடத்தில் டாங்கியை எதிர்பார்க்கவே இல்லை. கோவேறு கழுதைகள் செல்லும் தடத்தை டாங்கி செல்லும் பாதையாக்கியவர்கள் மதராஸ் சேப்பர்ஸ் என்ற நம் தென்னாட்டுப் பொறியாளர் படையினர். அன்று காலாட்கள் டாங்கிக்குள் இல்லை. அதன் பின்னால் நடந்தனர்.

ஆகவே இலகு டாங்கியின் இலக்கணத்தைப் பாதையும் பாலமும் வகுக்கின்றன. தாராவியில் இதனை விளக்கத் தேவையே இல்லை. அங்கு பெருஞ்சாலைகளின் பெயர்களே 90 அடிச் சாலை, 60 அடிச் சாலை என்பன. அகலமே பெயரான இடம் அது. அச்சாலைகளை விட்டு உள்ளே திரும்பினால் இருவர் தோள் இணைந்து நடக்க முடியாத சந்துகள். எங்கள் கற்பனை நகரில் நண்டு எவ்வளவுதான் இலகுவாக இருந்தாலும் சாலையின் முடிவில் நிற்கத்தான் வேண்டும். அங்கிருந்து ஆட்கள்தாம் இறங்கி நடக்க வேண்டும். அப்படியானால் அவ்வூர்தியின் முதன்மைப் பணி சுடுவதா, இறக்கிவிடுவதா?

இவ்விரு பணிகளையும் ஓர் உடலில் பொருத்த முயன்ற வரலாறு சுவையானது. சோவியத் ஒன்றியத்தின் பி.டி.-76 நீரில் நீந்தும் இலகு டாங்கி; 1971 போரில் இந்தியப் படையும் அதனைக் கிழக்கு வங்கத்தின் ஆற்று நிலத்தில் பயன்படுத்தியது. அதன் உடலை அடிப்படையாகக் கொண்டு பி.டி.ஆர்.-50 என்ற ஆளேற்றும் ஊர்தி செய்யப்பட்டது. இருபது பேர் வரை ஏறலாம். ஆனால் பி.டி.-76இல் எஞ்சின் பின்புறம் இருந்தது. ஆகவே இதிலும் பின்புறமே நின்றது. பின்புறம் எஞ்சின் இருக்குமிடத்தில் கதவு வைக்க முடியாது. வீரர்கள் மேலே ஏறி, பக்கவாட்டில் குதித்து இறங்க வேண்டியதாயிற்று. அதாவது, குண்டு பறக்கும் நேரத்தில் ஒவ்வொருவராக ஊர்தியின் உச்சியில் தோன்ற வேண்டும். டாங்கியாகப் பிறந்த உடலை ஆளேற்றியாக மாற்றியதன் விலை இது.

1960களின் நடுவில் வந்த பி.எம்.பி. இதனைத் தலைகீழாக்கியது. எஞ்சின் முன்னே, நடுவில் சிறு பீரங்கிக் கூண்டு, பின்னே எட்டுப் பேர் முதுகோடு முதுகு சேர அமர்வர், இறங்கப் பின்கதவுகள். குறைகள் இல்லாமல் இல்லை. அந்தக் கதவுகளுக்குள்ளேயே எரிபொருளை நிரப்பியிருந்தனர்; உள்ளிடம் மிகக் குறுகல். ஆயினும் இருக்கையை முன்வைத்து வகுத்த உடல் என்பதால் பிற்பாடு அது எதுவாகவும் மாற முடிந்தது. நம் நாட்டில் 1987 முதல் மேடக் தொழிற்சாலையில் ‘சரத்’ என்ற பெயரில் உருவான பி.எம்.பி.-2ஐப் பாருங்கள். அதன் உடலின் வழிவந்தவை எத்தனை! சிறுபீரங்கி ஏற்றிய மோர்ட்டார் ஊர்தி, காயம்பட்டோரை ஏற்றும் கவச ஆம்புலன்ஸ், நாக் ஏவுகணை ஊர்தி, ஆகாஷ் ஏவுகணைத் தொகுதியின் ஊர்திகள். சென்னையை அடுத்த ஆவடியின் போர் ஊர்தி ஆய்வு நிறுவனம் இவ்வரிசையில் சிலவற்றை வடிவமைத்தது. பி.எம்.பி. உடலின் மேல் 105 மில்லிமீட்டர் பீரங்கியைப் பொருத்தி இலகு டாங்கியாக்கும் முயற்சியும் நடந்தது, படையில் சேரவில்லை. சுவீடனின் சி.வி.90 என்ற ஆளேற்றியிலிருந்தும் இவ்வாறே 120 மில்லிமீட்டர் பீரங்கி கொண்ட இலகு டாங்கி பிறந்தது.

ஆக, இந்த ஆக்கத்துக்குத் திசை உண்டு. ஆளேற்றியிலிருந்து இலகு டாங்கியை ஆக்குவது எளிது: இருக்கைகளை எடுத்துவிட்டு அவ்விடத்தில் பெரிய பீரங்கிக் கூண்டையும் குண்டுகளையும் வைக்கலாம். இலகு டாங்கியிலிருந்து ஆளேற்றியை ஆக்குவது கடினம்: எஞ்சினையே இடம்பெயர்க்க வேண்டும். மொழியிலும் எந்தச் சொல் வேர், எது அதிலிருந்து ஆக்கப்பட்டது என்று பிழையாகக் கொண்டால் விதிகள் எல்லாம் விலக்குகளாகவே தோன்றும். நான் டாங்கியை வேர் என்றும் ஆளேற்றியை அதன் திரிபு என்றும் கொண்டேன். உண்மை நேர்மாறானது.

இஸ்ரேலின் மெர்காவாவைச் சுட்டி மறுப்போர் இருப்பர். அது முழு டாங்கி. ஆயினும் சிலரை ஏற்ற முடியும். உண்மை. ஆனால் அதில் எஞ்சின் முன்னே இருக்கிறது; பின்னே கதவு இருக்கிறது; குண்டுகளை இறக்கினால்தான் ஆட்களுக்கு இடம். எடையோ அறுபது டன்னை ஒட்டியது. அந்த விலக்கும் நான் சொல்வதையே உறுதி செய்கிறது. மறுபுறம், 2024 ஜூலையில் ஹசிராவில் காட்டப்பட்ட, ஆவடி நிறுவனமும் எல் அண்டு டி நிறுவனமும் இணைந்து உருவாக்கிய ‘சோராவர்’ 25 டன் எடையும் 105 மில்லிமீட்டர் பீரங்கியும் கொண்ட இலகு டாங்கி. அதில் இயக்குவோர் மூவர். காலாட்களுக்கு இருக்கை இல்லை. எது வேண்டும் என்று தெளிந்தபின் மற்றதை விட்டுவிட்ட வடிவம் அது. என் நண்டு இரண்டையும் கேட்டது.

*

புனைவு விளையாட்டுகளும் இதனை அறியாதவை அல்ல. வார்ஹாமர் 40,000 என்ற புகழ்பெற்ற ஆட்டத்தில் ரைனோ என்ற ஊர்தி பத்துப் பேரை ஏற்றும். அதே உடலில் இரட்டைப் பீரங்கிக் கூண்டு பொருத்தினால் ரேசர்பேக். அதில் ஆறு பேர். முழு டாங்கியாக்கினால் பிரிடேட்டர். அதில் ஒருவரும் இல்லை. பத்து, ஆறு, சுழியம். இதைவிடச் சுருக்கமாக இந்தப் பேரத்தை எவரும் சொல்லிவிட முடியாது. 1981இல் வெளிவந்த ஸ்ட்ரைக்கர் என்ற ஆட்டத்தில் ஊர்தியை வடிவமைப்போர் கன அளவு, எடை, ஆற்றல், விலை என நான்கையும் கணக்கிட்டாக வேண்டும். பீரங்கிக்குக் கொடுத்த இடத்தை ஆளுக்கு மறுபடியும் கொடுக்க முடியாது. தொலைஎதிர்காலத்தைக் கற்பனை செய்தவர்களே இந்தக் கட்டுப்பாட்டை விரும்பி ஏற்றனர். கட்டுப்பாடு இல்லாவிடில் தெரிவு இல்லை. தெரிவு இல்லாவிடில் ஆட்டமும் இல்லை.

இருக்கையின் எண்ணிக்கை வெறும் எண்ணன்று என்பதற்கு அமெரிக்காவின் பிராட்லி சான்று. அவர்களின் காலாட்படைப் பிரிவில் ஒன்பது பேர். ஊர்தியில் இடமோ ஆறேழு பேருக்கு. ஆகவே ஒரு பிரிவு ஒன்றாக ஏற முடியாது. பிரிந்து ஏறி, இறங்கியபின் தேடிச் சேர வேண்டும். ஒன்றாகப் பயின்றவர்களை ஊர்தியின் வடிவம் பிரித்துவிடுகிறது. எங்கள் பிரிவில் எட்டுப் பேர். நண்டில் ஆறு இருக்கை. மீதி இருவர் எங்கே என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

கேள்வி எழுந்த அடுத்த கூடலில் நாங்கள் மேசையைத் தொடவில்லை. தரையில் சுண்ணக்கட்டியால் ஊர்தியின் உட்புறத்தை வரைந்தோம். புத்தகப்பைகளை மார்பில் மாட்டிக்கொண்டு, முழங்கால் முழங்காலை இடிக்க எதிரெதிரே அமர்ந்தோம். வீட்டிலிருந்தோரும் வந்து சேர எட்டுப் பேரானோம். நான் வரைந்த அளவில் ஆறு பேருக்கு மேல் அமர முடியவில்லை. அந்த ஆறு பேரும் எழுந்தால் பீரங்கிக் கூண்டின் வட்டத்தை மிதித்தோம். கதவுக்கு அருகில் இருப்பவர் சற்றே தயங்கினால் பின்னிருப்போர் அனைவரும் நின்றுவிட்டனர்.

மும்பைவாசிகளுக்கு இது புதிய செய்தியன்று. செம்பூரில் ஹார்பர் வண்டி ஏறி, குர்லாவில் மாறி, மாட்டுங்காவில் இறங்குபவன் நான். குர்லாவுக்கு அடுத்து சயான், அதற்கடுத்து மாட்டுங்கா. சயான் வருவதற்குள் கதவை நோக்கி நகராவிட்டால் மாட்டுங்காவில் இறங்க முடியாது. தாதரில்தான் விழ வேண்டும். வண்டி நிற்பது அரை நிமிடத்துக்கும் குறைவு. முன்நிற்பவரிடம் ‘அடுத்ததில் இறங்குகிறீர்களா’ என்று கேட்டு, இல்லை என்றால் இடம் மாறிக்கொள்ளும் அந்தச் சிறு உரையாடல் நாள்தோறும் நடக்கிறது. இறங்குதல் என்பது நிற்கும் நொடியில் தொடங்குவதில்லை; இரண்டு நிலையம் முன்பே தொடங்கிவிடுகிறது. எத்தனை விதிநூல்கள் இதை அறியும்? ‘ஊர்தி நின்றது, காலாட்கள் மூன்று அங்குலத்துக்குள் வைக்கப்படுவர்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன.

*

இரண்டு மறுப்புகளுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலாவது: ‘இது அறிவியல் புனைவு. எஞ்சின் கைப்பெட்டி அளவுக்குச் சுருங்கியிருக்கலாம், ஊர்தி மிதக்கலாம். 1918இன் புகையைப் பற்றி இப்போது ஏன் கவலை?’ நல்ல கேள்வி. எஞ்சின் சுருங்கட்டும், கவசம் இறகாகட்டும். அமர்பவரின் தொடை நீளம் சுருங்குமா? அவர் எழுந்து திரும்பிக் கதவு வரை வரும் நேரம் சுருங்குமா? இருட்டில், எத்திசையில் எதிரி என்று அறியாமல் அமர்ந்திருக்கும் அச்சம் சுருங்குமா? காலாள் என்பவர் மனிதராக இருக்கும் வரை மாறாத அளவுகள் சில உண்டு. அவர் எந்திரமாகிவிட்டால் அவரை ஏற்ற ஊர்தி எதற்கு?

இரண்டாவது மறுப்பு கனமானது. ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் மூத்த ஆய்வாளர் ஒருவர் என்னிடம் கேட்டார்: ‘தமிழன் ஒருவன் இன்று டாங்கியை வைத்து விளையாடலாமா?’ நம்முள் பலருக்குக் கவச ஊர்தி என்பது பொம்மையன்று. உறவினர் ஒருவரின் இறுதிநாள். 1991 ஜூலையில் ஆனையிறவுப் படைத்தளத்தைத் தாக்கியபோது விடுதலைப் புலிகள் மண்வாரி எந்திரம் ஒன்றுக்கு இரும்புத் தகடுகளால் கவசமிட்டு முன்செலுத்தினர். இலங்கைப் படைவீரர் ஒருவர் அதன்மேல் ஏறிக் கையெறிகுண்டால் அதனை நிறுத்தினார். அவரும் அங்கேயே மாண்டார். ஒரு தரப்பு அவரை நினைவுகூர்கிறது. மறுதரப்பு தன் மாவீரர்களை நினைவுகூர்கிறது. இருதரப்பு நினைவுகளும் மையங்கொள்வது மூடிய இரும்புக்குள்ளும் அதன் மேலும் இருந்த மனிதர்கள் மீதுதான், இரும்பின் மீதன்று.

அந்த மூத்தவரின் கேள்வியை நான் எளிதாக ஒதுக்கவில்லை. ஆனால் விளையாடாமல் இருப்பது ஒன்றே விடையென்றும் எனக்குத் தோன்றவில்லை. போரைப் பற்றிய கதைகளும் திரைப்படங்களும் கணினி விளையாட்டுகளும் நம்மைச் சூழ்ந்திருக்கின்றன. அவற்றில் ஊர்திகள் வெடிக்கின்றன. உள்ளே இருந்தோரை எவரும் எண்ணுவதில்லை. விதியை நாமே எழுதும் விளையாட்டில் எண்ணும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது. எண்ணாமல் விட்டால் அது நம் பிழை. பகடையின் பிழை அன்று. ‘வெறும் விளையாட்டுத்தானே’ என்று அதனைக் கடந்துவிடுவதும் தகாது. விளையாட்டு நமக்குக் கற்பிப்பது அது எதைக் கணக்கில் கொள்கிறதோ அதைத்தான்.

*

ஆகவே நண்டை மறுபடி வடிவமைத்தோம். இப்போது வேர் ஆளேற்றிதான். எஞ்சின் முன்னே, பின்னே அகன்ற சாய்வுக் கதவு, எட்டு இருக்கை, முழுப் பிரிவுக்கும். மேலே ஓர் எந்திரத் துப்பாக்கி மட்டும். அதிலிருந்து மூன்று திரிபுகள்: பீரங்கி கொண்ட இலகு டாங்கி, அதில் இருக்கை இல்லை, நால்வர் மட்டும் ஏறும் நடுவகை, சிறு பீரங்கியுடன், படுக்கைகள் கொண்ட ஆம்புலன்ஸ். பீரங்கி வேண்டுவோர் ஆட்களை விட வேண்டும். ஆட்கள் வேண்டுவோர் பீரங்கியை விட வேண்டும்.

விதிகள் மூன்றைச் சேர்த்தோம். இறங்க விரும்பும் பிரிவு அதற்கு முந்தைய சுற்றிலேயே அறிவிக்க வேண்டும். மாணவர்கள் இதற்கு ‘சயான் விதி’ என்று பெயரிட்டுவிட்டனர். கதவு எத்திசையை நோக்கியிருக்கிறதோ அத்திசையில்தான் இறங்கலாம். ஊர்தி அழிந்தால் உள்ளே இருந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பகடை உருட்ட வேண்டும். தப்பியவரின் பொம்மையை மேசையில் வைக்க வேண்டும், தப்பாதவரின் பெயரை விதித்தாளின் பின்புறம் எழுத வேண்டும். ஆள்தோறும் பகடை உருட்டும் வழக்கம் வார்ஹாமரின் அண்மைப் பதிப்புகளிலும் உண்டு. பெயர் எழுதுவது எங்கள் சேர்க்கை.

ஆட்டம் மெதுவாகிவிட்டது என்பதை மறைக்க மாட்டேன். முன்பு இரண்டு மணி நேரத்தில் முடிந்தது இப்போது மூன்றரை மணி நேரம் ஆகிறது. எங்களுள் ஒருவர் சலித்துக்கொண்டு பழைய விதியையே கேட்கிறார். அவர் தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. முன்பெல்லாம் நிறைந்த ஊர்தியைத் துணிந்து திறந்த வெளியில் செலுத்துவோம். இப்போது 90 அடிச் சாலையின் முனையில் நிறுத்தி, ஆட்களை இறக்கிவிட்டு, வெற்று ஊர்தியை முன்னே அனுப்புகிறோம். இப்படித்தான் ஆட வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

இறுதியாக ஓர் உதவி வேண்டும். ஊர்தியிலிருந்து இறங்கிப் போரிடும் காலாட்களைக் குறிக்க ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் இருக்கிறது. தமிழில் ‘இறங்குவோர்’ என்று தற்போதைக்கு எழுதிவருகிறேன், நிறைவாக இல்லை. ஈழத்து நண்பர்கள் ‘துருப்புக்காவி’யைத் தந்தது போல இதற்கும் ஒரு சொல் வைத்திருக்கக்கூடும். அறிந்தோர் எழுதுங்கள். மாற்றுக் கருத்துடையோரும் தயங்காமல் எழுதுங்கள். மூன்றாம் இயலுக்குத் திரும்பும் முன் அனைத்துக்கும் விடையளிக்க முயல்வேன்.